வழுக்காத மேல்தளம்: ஒரே படகில் இரண்டு முறை அடித்த பெயிண்ட் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

7 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு அது. வயது 25-ஐத் தாண்டிவிட்டது. நடுவில் சிறிய கேபின், அதன் இரண்டு பக்கமும் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஒடுக்கமான நடைபாதை, முன்னால் நங்கூரம் போடும் அணியம், பின்னால் சுக்கான் பிடிக்கும் அமரம். இந்த மாதிரி படகுகளை அச்சில் வார்க்கும்போதே மேல்தளத்தில் சின்னச் சின்ன வைர வடிவ மேடுகளையும் சேர்த்து வார்த்துவிடுவார்கள். கால் வழுக்காமல் இருக்க அதுதான் ஏற்பாடு. 25 வருட வெயிலும், நடந்த கால்களும், கழுவித் தேய்த்த பிரஷும் அந்த மேடுகளை மழித்துவிட்டிருந்தன. கையால் தடவினால்தான் அங்கே ஒரு காலத்தில் மேடு இருந்தது தெரியும்.

உரிமையாளர் 60 வயதை நெருங்குகிறவர். ஒரு விடியற்காலையில் நங்கூரக் கயிற்றை அவிழ்க்க முன்னால் போனபோது, பனி படிந்த தளத்தில் கால் வழுக்கி விழுந்தார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் தண்ணீருக்குள் போகவில்லை. முழங்கால் வீங்கியது, மணிக்கட்டு சுளுக்கியது. கூட இருந்த மகள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்: “அப்பா, இதைச் சரி பண்ணாம இனிமே நீங்க முன்னால போகக் கூடாது.” ஆளை வைக்காமல் தாங்களே வழுக்காத பெயிண்ட் அடிப்பது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

இரண்டாவது முயற்சியில்தான் நான் இதற்குள் வந்தேன். பெயிண்ட் வேலை எனக்குப் பழக்கம் என்பதால் கூப்பிட்டார்கள். முதல் முயற்சியைப் பற்றி நான் எழுதுவது அவர்கள் இருவரும் சொன்னது, போனில் எடுத்து வைத்திருந்த படங்கள், தளத்தில் மிச்சமிருந்த பூச்சு ஆகியவற்றை வைத்து. தங்கள் தவறுகளை மறைக்காமல் எழுதச் சொன்னதே அவர்கள்தான்.

முதல் முயற்சி

கடையில் தயாராகக் கிடைக்கும் ஒரு பாகப் பெயிண்டை வாங்கினார்கள். பெயிண்டை இறுகவைக்கும் ஹார்டனரைத் தனியாகக் கலக்கத் தேவையில்லை. சொரசொரப்பு தரும் நுண்ணிய மணிகள் டின்னுக்குள்ளேயே கலந்திருக்கும். முதல் தடவை செய்பவர்களுக்கு இது நியாயமான தேர்வுதான். தவறு பெயிண்டில் இல்லை.

தளத்தைக் கழுவிக் காயவைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தார்கள். பிறகு தின்னர் நனைத்த ஒரே துணியால் முழுத்தளத்தையும் துடைத்தார்கள். பகல் 2 மணிக்கு வலது நடைபாதையில் தொடங்கி, அணியத்தைச் சுற்றி, இடது நடைபாதை வழியாகப் பின்னால் வந்து முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டின்னைத் தொடக்கத்தில் ஒரு முறை நன்றாகக் கலக்கினார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை பார்த்தபோது தளம் ஒரே சீராக, சாம்பல் நிறத்தில், புதுப் படகு போல இருந்தது. தொட்டால் ஒட்டவில்லை. படங்களைப் பார்த்தால் நானும் நன்றாக வந்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது வாரத்தில் அணியத்து மூடியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு கிளம்பியது. அடுத்த மழைக்குப் பிறகு உள்ளங்கை அளவு துண்டுகள் உரிந்தன. அதைவிடக் கவலைக்குரிய விஷயம் வேறு. வலது நடைபாதை ஈரத்தில் இன்னும் வழுக்கியது. இடது நடைபாதையோ உப்புத்தாள் போலக் காலைப் பிறாண்டியது. ஒரே டின், ஒரே நாள், ஒரே கை. இரண்டு மாதத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

உரிந்த துண்டுகளில் கண்டது

பெயிண்ட் உரிந்தால் பலரும் தளத்தைத்தான் பார்ப்பார்கள். உரிந்த துண்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பதுதான் முதலில் செய்ய வேண்டியது. எது எதிலிருந்து விட்டுப் பிரிந்தது என்பது அங்கேதான் தெரியும். அவர்கள் துண்டுகளைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்கள். அது பெரிய உதவியாக இருந்தது.

மூடியைச் சுற்றி உரிந்த துண்டுகளின் முதுகு கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதாவது பெயிண்ட் அடித்தளத்தைப் பிடிக்கவே இல்லை. நடுவில் எண்ணெய்ப் பசை போல ஏதோ இருந்திருக்கிறது. விசாரித்தபோது, சில வருடங்களுக்கு முன் அந்த மூடியின் கசிவை அடைக்க சிலிக்கான் பூசியது நினைவுக்கு வந்தது. சிலிக்கானைச் சுரண்டி எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று தங்கிவிடும். அதன்மேல் அனேகமாக எந்தப் பெயிண்டும் நிற்காது. ஒரே துணியால் முழுத்தளத்தையும் துடைத்ததில் அந்தப் படலம் மூடியைச் சுற்றி இன்னும் அகலமாகப் பரவியிருந்தது.

நடைபாதையின் விளிம்புகளில் உரிந்த துண்டுகளின் முதுகிலோ வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தால் சாக்பீஸ் மாதிரி வந்தது. இங்கே பெயிண்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அது பிடித்தது வெயிலில் மக்கிப் பொடியாகிப்போன ஜெல்கோட்டை, அதாவது ஃபைபரின் வெளித்தோலை. அந்தப் பொடி கீழே இருக்கும் உறுதியான அடுக்கை விட்டுப் பிரிந்துவிட்டது. தட்டையான இடங்களில் உப்புத்தாள் போதுமான அளவு தேய்த்திருந்தது. விளிம்பு, மூலை, கம்பிக்கால்களின் அடி போன்ற கைக்கு எட்டாத இடங்களில் தேய்க்கவில்லை.

மூன்றாவது அடையாளம் இடது நடைபாதையின் பின்பகுதி. அங்கே உரியவில்லை, ஆனால் மேற்பரப்பு மங்கி, வெளுத்து, புகை படிந்த மாதிரி இருந்தது. அதுதான் கடைசியாக, பொழுது சாயும்போது அடித்த பகுதி. பெயிண்ட் இறுகும் முன்பே பனி இறங்கியிருக்கிறது.

வலது பக்கம் ஏன் வழுக்கியது என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. மணிகள் பெயிண்டைவிடக் கனமானவை, டின்னின் அடியில் போய்ப் படியும். ஒரு முறை மட்டும் கலக்கிவிட்டு ஊற்றிக்கொண்டே போனால் முதலில் வருவது வெறும் பெயிண்ட், கடைசியில் வருவது மணிக்குழம்பு.

இதையெல்லாம் அவர்களிடம் விளக்கிய பிறகு ஒரு வாளி தண்ணீர் எடுத்து, உரிந்த இடங்களில் மெல்ல ஊற்றிக் காட்டினேன். சுத்தமான பரப்பில் தண்ணீர் ஒரே படலமாக விரிந்து நிற்கும். மெழுகோ எண்ணெயோ சிலிக்கானோ இருந்தால் தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாகத் திரளும். மூடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தண்ணீர் திரண்டு நின்றது. உரிமையாளர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதை அன்னைக்கே ஒரு வாளி ஊத்திப் பார்த்திருக்கலாமே” என்றார்.

எல்லாவற்றையும் எடுப்பதா, ஒட்டுப்போடுவதா

அவர்களுடைய விருப்பம் உரிந்த இடங்களை மட்டும் சரிசெய்வது. நியாயமான ஆசை; முழுத்தளத்தையும் சுரண்டுவது முதுகை ஒடிக்கிற வேலை. ஊகத்தில் முடிவெடுக்காமல் ஒரு சோதனை செய்தோம். கூரான கத்தியால் பூச்சில் பெருக்கல் குறி போலக் கீறி, அதன்மேல் நல்ல ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுப்பது. பூச்சின் பிடிமானத்தைச் சோதிக்கும் ஏ.எஸ்.டி.எம். டி 3359 தரமுறையில் இருக்கும் இரண்டு முறைகளில் எளியது இதுதான். சொரசொரப்பான பூச்சில் நாடா முழுமையாகப் படியாது என்பதால், சோதிக்கும் இடத்தில் மேல்மணிகளை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டினோம். 12 இடங்களில் பார்த்ததில் 5 இடங்களில் பெயிண்ட் நாடாவோடு வந்தது. அதில் 3 இடங்கள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவை.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. முழுவதையும் எடுப்பது என்று முடிவானது. பிடிமானம் இல்லாத பூச்சின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும், கீழே இருப்பது உரியும்போது மேலே இருப்பதும் சேர்ந்தே உரியும். அழகு கெடுவது இதில் சின்ன விஷயம். முன்னால் போகிறவர் காலை ஊன்றும் நொடியில் துண்டு பெயர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் கவலை.

பெயிண்டுக்கு முன் நிறுத்தி வைத்த வேலை

பழைய பூச்சைச் சுரண்டத் தொடங்கும் முன், ஸ்குரூடிரைவரின் பிடியால் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போனோம். உறுதியான இடத்தில் ‘டக் டக்’ என்று கணீரென ஒலி வரும். இடது பக்கக் கம்பிக்கால் ஒன்றின் அடியில் ஒலி மந்தமாக இருந்தது. இந்தப் படகின் தளம் இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவில் பால்சா மரம் வைத்தது. போல்ட் துளை வழியாக நீர் இறங்கினால் அந்த மரம் ஊறி, நாளடைவில் மக்கும்.

கம்பிக்காலைக் கழற்றியபோது துளையிலிருந்து ஈரமான பழுப்புத்தூள் வந்தது. நல்லவேளையாக ஈரம் ஓர் உள்ளங்கை அகலத்தைத் தாண்டவில்லை. மக்கிய மரத்தை எடுத்து, 10 நாள் காயவைத்து, கெட்டியாகக் கலந்த எப்பாக்சிப் பிசினால் அந்த இடத்தை நிரப்பி, அதன் நடுவில் புதிதாகத் துளையிட்டோம். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இதனால் வேலை 2 வாரம் தள்ளிப்போனது. ஊறிய தளத்தின் மேல் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, வெயிலில் சூடேறிக் கொப்புளமாகக் கிளம்பியிருக்கும்.

மாதிரிப் பலகைகள்

இந்த முறை இரண்டு பாக பாலியூரிதேன் பெயிண்டைத் தேர்ந்தெடுத்தோம். மணிகளை முன்கூட்டியே கலக்காமல், ஈரப் பெயிண்டின் மேல் தூவி, அது இறுகிய பிறகு மேலே இரண்டு மெல்லிய கோட் அடிப்பது என்று திட்டம். இப்படிச் செய்தால் மணிகள் அடியில் படியும் பிரச்சினையே எழாது. எவ்வளவு விழுகிறது என்பதும் கண்ணெதிரே தெரியும். மணல் வேண்டாம், பாலிமர் மணிகள் போதும் என்று சொன்னேன். அவை எடை குறைந்தவை, பெயிண்டுக்குள் மூழ்கிப்போகாமல் மேலாக நிற்கும், விளிம்புகளும் மணல் அளவுக்குக் கூராக இருக்காது. கல் உப்பைத் தூவி, இறுகிய பின் தண்ணீரில் கரைத்துக் குழிகளை விட்டுவைக்கும் முறையும் உண்டு. அதையும் ஒரு பலகையில் செய்து பார்த்தோம்.

எந்த அளவு சொரசொரப்பு வேண்டும் என்பதில் அப்பாவுக்கும் மகளுக்கும் கருத்து வேறுபட்டது. விழுந்த வலி நினைவில் இருக்கிறவர் முரட்டு மணியைக் கேட்டார். மகள் வெறுங்காலோடு படகில் உட்கார்ந்து எழுகிறவள். முந்தைய ஜெர்மன் தரமுறையான டிஐஎன் 51097-இல், சோப்புத்தண்ணீர் ஓடும் சாய்தளத்தில் வெறுங்காலுடன் ஒருவரை நடக்கவிட்டு, சாய்வை ஏற்றிக்கொண்டே போய் எந்தக் கோணத்தில் வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். 12 பாகை தாங்கினால் ஏ, 18 என்றால் பி, 24 என்றால் சி வகுப்பு. அதே யோசனையை வீட்டளவில் செய்தோம்: பலகையைச் சாய்த்து வைத்து, சோப்புத்தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி காலை ஊன்றிப் பார்ப்பது.

நான் எதிர்பார்த்தது போலவே வெறும் பெயிண்ட் அடித்த பலகை சீக்கிரமே கைவிட்டது. உப்புக்குழிப் பலகை வெறுங்காலுக்கு மிக இதமாக இருந்தது, ஆனால் தேய்ந்த அடியுள்ள செருப்புக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எதிர்பாராத விஷயம் நடுத்தர மணிக்கும் முரட்டு மணிக்கும் இடையே நடந்தது. செருப்புக் காலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் பிடித்தன. முழங்காலை ஊன்றினால் மட்டும் முரட்டுப் பலகை தோலைச் சிராய்த்தது. ஈரத்துணியால் துடைத்தால் நூல் நூலாகப் பிய்ந்து அதில் சிக்கியது. அப்பா தானே முழங்காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, “சரிம்மா, நடுத்தரமே போதும்” என்றார். நடைபாதைக்கும் அணியத்துக்கும் நடுத்தர மணி, மக்கள் உட்காரும் கேபின் கூரைக்கு நுண்மணி என்று முடிவானது.

நிறத்துக்கு வெளிர் சாம்பலை எடுத்தோம். வெள்ளை வெயிலில் கண் கூசும். அடர்நிறம் வெறுங்காலைச் சுடும்.

தயாரிப்பு

இந்தப் பகுதி மட்டும் 9 நாள் பிடித்தது. பெயிண்ட் அடித்தது மொத்தமாக 4 நாள்.

பழைய பூச்சை உப்புத்தாளால் எடுக்கப் பார்த்தால் தாள் உடனே அடைத்துக்கொள்கிறது. கூரான கார்பைடு சுரண்டியால்தான் பெரும்பகுதியை எடுத்தோம். மிச்சத்தைத் தூசியை உறிஞ்சும் வசதியுள்ள தேய்ப்பு இயந்திரத்தால் தேய்த்தோம். ஃபைபர் தூசியை ஒருபோதும் மூச்சில் இழுக்கக் கூடாது. மூவரும் தூசி வடிகட்டி உள்ள முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டையோடுதான் இருந்தோம்.

சிலிக்கான் இருந்த மூடிப் பகுதியைக் கடைசி வரை தனியாகவே வைத்திருந்தோம். முதலில் பிளேடால் சுரண்டினோம், பின் சிலிக்கான் நீக்கி போட்டோம், துணியை ஒவ்வொரு தடவையும் மாற்றினோம். அங்கே பயன்படுத்திய துணியோ உப்புத்தாளோ வேறெங்கும் போகவில்லை. தண்ணீர் படலமாக விரியும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம். 4 தடவை ஆனது.

மற்ற இடங்களில் வரிசை முக்கியம். முதலில் மெழுகை எடுக்க வேண்டும், அப்புறம்தான் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் உப்புத்தாள் அந்த மெழுகை ஒவ்வொரு கீறலுக்குள்ளும் அழுத்திப் பூசிவிடும். முதல் முயற்சியில் அதுதான் நடந்தது. துடைப்பதற்கு ஆளுக்கு ஒரு துணியாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க, அது ஆவியாகும் முன் பின்னாலேயே மற்றவர் உலர்ந்த சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கரைந்த மெழுகு அங்கேயே மறுபடி படிந்துவிடும். ஒரு கெஜ தூரத்துக்கு ஒரு புதுத்துணி என்று கணக்கு வைத்துக்கொண்டோம். கந்தல் துணி ஒரு மூட்டை தீர்ந்தது. நனைந்த துணிகளைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயவிட்டோம்.

பிறகு 80 நம்பர் உப்புத்தாள். விளிம்புகளுக்கும் கம்பிக்கால் அடிகளுக்கும் கையாலேயே. கறுப்புத்துணியால் துடைத்தால் வெள்ளைப் பொடி வரக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். எப்பாக்சி நிரப்பிய இடங்களில் இறுகும்போது மேலே மெழுகு போன்ற ஒரு வழவழப்பு படியும். அது கரைப்பானில் சரியாகப் போகாது, தண்ணீரில் போகும். அதை நார்ப்பட்டை வைத்துக் கழுவினோம். கடைசியாக ஒரு முறை தளம் முழுவதும் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, எங்கும் திரளவில்லை என்று உறுதியான பிறகே எப்பாக்சி பிரைமர் அடித்தோம்.

எங்கே மணி வேண்டும், எங்கே வேண்டாம்

முழுத்தளத்திலும் மணி தூவக் கூடாது. கயிறு கட்டும் குமிழ்கள், மூடிகள், கம்பிக்கால்கள் ஆகியவற்றைச் சுற்றி 25 மில்லிமீட்டர் வழவழப்பாக விட்டோம். அங்கே மணி இருந்தால் அடைப்புப் பசை சரியாக உட்காராது, அழுக்கும் மூலையில் தேங்கும். தண்ணீர் வடியும் துளைகளுக்குப் போகும் வழியையும் வழவழப்பாக விட்டோம். மாஸ்கிங் டேப்பின் மூலைகளைச் சதுரமாக விடாமல், சின்ன டின் மூடியை வைத்துக் கோடு வரைந்து வளைவாக வெட்டினாள் மகள். பார்க்க அழகு என்பதோடு இதற்கு உறுதியான காரணமும் உண்டு. கூர்மூலையில்தான் காலும் பிரஷும் முதலில் மாட்டும், உரிதல் அங்கேதான் தொடங்கும்.

இந்தக் கட்டத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். பின்பக்கம், படகுத்துறையிலிருந்து காலெடுத்து வைக்கும் இடத்தில், வெளிவிளிம்பை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு வளைவான பகுதி இருந்தது. வளைவில் டேப் சரியாகப் படியவில்லை. “அது விளிம்புதானே, நடக்கிற இடம் இல்லையே, வழவழன்னே இருக்கட்டும்” என்று சொன்னேன். அவர்களும் சரி என்றார்கள். இதைப் பின்னால் மறுபடி சொல்ல வேண்டிவரும்.

பூச்சு நாள்கள்

பனி படியும் வெப்பநிலையைவிடத் தளத்தின் வெப்பநிலை குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையில் பொதுவான விதி. காற்று 30 பாகை, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 24 பாகை. பகலில் இடைவெளி தாராளமாக இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் தளம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். நமக்குப் புழுக்கமாக இருக்கும் நேரத்திலேயே தளத்தில் பனி இறங்கிவிடும். அவர்களுடைய முதல் பூச்சு வெளுத்ததன் காரணம் இதுதான். பாலியூரிதேன் இதில் இன்னும் கண்டிப்பானது. அதன் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் வாயுக்குமிழி விடும், பளபளப்பு செத்துப்போகும்.

உச்சிவெயிலும் உதவாது. தளம் சுட்டால் மேல்தோல் சட்டென்று இறுகி, உள்ளே கரைப்பான் சிக்கிக் கொப்புளம் வரும். அதனால் மேலே தார்ப்பாய் கட்டி, பக்கங்களைக் காற்றோட்டத்துக்குத் திறந்துவிட்டோம். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பகல் 1 மணிக்குப் பிரஷைக் கீழே வைத்துவிடுவது என்று கட்டுப்பாடு. இரண்டாம் நாள் இன்னும் ஒரு பாகம்தான் பாக்கி என்ற நிலையில் அப்பாவுக்குக் கை நிற்கவில்லை. “நாளைக்குப் பார்த்துக்கலாம்பா” என்று மகள் டின்னை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அது சரியான முடிவு. அன்று 4 மணிக்கே மேகம் மூடி ஈரப்பதம் ஏறிவிட்டது.

ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதன்பின் மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைக் கிளப்பும். ரோலரால் மட்டுமே அடித்தோம். கரைப்பான் ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் முகமூடியும் நைட்ரைல் கையுறையும் இல்லாமல் யாரும் டின்னைத் திறக்கவில்லை. ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியே வேண்டும். வீட்டு வேலையாக அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தளத்தைப் பாகங்களாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக அடித்தோம். அப்போதுதான் நடுவில் கால் வைக்க இடம் இருக்கும். ஒருவர் ரோலரால் அடிக்க, பின்னாலேயே மற்றவர் மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து மணிகளைத் தூவினார். முழங்கால் உயரத்திலிருந்து, கோலப்பொடி தூவுகிற மாதிரி இல்லாமல், டப்பாவை லேசாக மேல்நோக்கி உதறி மழை போல விழவைக்க வேண்டும். ஈரப் பளபளப்பு எங்கும் தெரியாமல் முழுவதும் மங்கலாகும் வரை தூவினோம். போதும் என்று இடையில் நிறுத்தினால் திட்டுத்திட்டாகத்தான் வரும். மறுநாள் ஒட்டாத மணிகளைப் பெருக்கி எடுத்துவிட்டு, டேப்பை உரித்து, ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளிப் புது டேப் ஒட்டி, இரண்டு மெல்லிய கோட் அடித்தோம். இதனால் மேல்கோட் மணிகளின் விளிம்பைத் தாண்டி இறங்கி அதை மூடிவிடுகிறது. கடைசிக் கோட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே டேப்பை எடுத்தோம்.

கடைசிப் பாகத்துக்கு மணி பற்றவில்லை. பெருக்கி எடுத்ததைச் சல்லடைத் துணியில் சலித்துப் பயன்படுத்தினோம். அந்தப் பாகம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெலிவாகத்தான் வந்தது.

பிறகு நடந்தது

ஒரு வாரம் யாரும் கனமான எதையும் தளத்தில் வைக்கவில்லை. ஒரு மாதத்திலும், 6 மாதத்திலும், 14 மாதத்திலும் நானே போய்ப் பார்த்தேன்.

எங்கும் உரியவில்லை. சிலிக்கான் இருந்த மூடியைச் சுற்றிக்கூட நாடாச் சோதனையில் பூச்சு நின்றது. நங்கூரச் சங்கிலி உரசும் இடத்தில் மட்டும் மணிகள் நசுங்கிப் பூச்சு தேய்ந்திருக்கிறது. எந்தப் பெயிண்டும் சங்கிலிக்கு ஈடுகொடுக்காது. மணிகளுக்கு இடையில் அழுக்கு சேர்கிறது, துணியால் துடைத்தால் போவதில்லை. மென்மையான பிரஷும் சோப்புத்தண்ணீரும் வேண்டும். மெலிவாக வந்த கடைசிப் பாகம் சுக்கான் பக்கத்தில் இருப்பதால் 14 மாதத்திலேயே தேய்மானம் காட்டுகிறது.

உரிமையாளர் இப்போது பனிக்காலையிலும் முன்னால் போகிறார். கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார், அது அப்படியே இருக்க வேண்டும். ஆனால் முன்பு காலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தவர், இப்போது தூக்கி வைக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

ஆறாவது மாதத்தில் ஒரு விபத்து நடந்தது. மழைத்தூறலில், கையில் பையோடு, மகள் படகுத்துறையிலிருந்து ஏறினாள். முதல் கால் விழுந்தது நான் வழவழப்பாக விடச் சொன்ன அந்த ஓர் அடி விளிம்பில். வழுக்கி, படகுக்கும் துறைக்கும் நடுவில் ஒரு கால் இறங்கிவிட்டது. படகு அந்த நேரம் துறைப்பக்கம் நெருங்கி வராததால் தொடையில் சிராய்ப்போடு தப்பினாள். நெருங்கியிருந்தால் எலும்பு முறிந்திருக்கும்.

மேல்தளத்தில் நடக்கிற இடத்தை எல்லாம் யோசித்த நான், மேல்தளத்துக்கு வருகிற காலை யோசிக்கவில்லை. ஏறும்போது கால் விழுவது விளிம்பில்தான். அந்த நேரத்தில் முழு எடையும் ஒரே காலில், படகும் அசைகிறது. வழுக்காத பூச்சு எங்கேயாவது ஓர் இடத்தில் மட்டும்தான் இருக்க முடியும் என்றால் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். டேப் படியவில்லை என்பது ஒரு காரணமே இல்லை. வளைவுக்கென்றே நெகிழும் மெல்லிய டேப் கிடைக்கிறது. அவளிடமும் அப்பாவிடமும் நேரில் சொன்னேன், முடிவு என்னுடையது என்று.

அடுத்த வாரமே அந்த விளிம்பைத் தேய்த்து, அதே பெயிண்டில் மிச்சம் வைத்திருந்ததைக் கொண்டு மணி தூவி முடித்தோம். இருவரும் ஏறும்போது கால் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறித்தோம். அப்பாவின் குறி நான் நினைத்ததைவிட ஒரு சாண் பின்னால் இருந்தது. மகளுடையது இன்னும் விளிம்பை ஒட்டி இருந்தது. இரண்டையும் சேர்த்து அகலப்படுத்தினோம்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

டேப் ஒட்டும் முன் சாக்பீஸ் சோதனையைச் செய்வேன். படகைப் பயன்படுத்தும் எல்லோரையும் வரவழைத்து, ஏறச் சொல்லி, நங்கூரம் போடச் சொல்லி, கயிறு கட்டச் சொல்லி, இறங்கச் சொல்லி, கால் படும் ஒவ்வோர் இடத்தையும் குறிப்பேன். கையில் பையோடும் ஒரு முறை ஏறச் சொல்வேன். வழவழப்பாக விடும் இடங்களை அதன் பிறகுதான் முடிவு செய்வேன்.

மணி கணக்கிட்டதைவிடப் பாதி அளவு கூடுதலாக வாங்குவேன். அதிகம் மிதிபடும் சுக்கான் பக்கத்தைக் கடைசிக்கு விடாமல் முதல் நாளே அடிப்பேன்.

நங்கூரச் சங்கிலி உரசும் இடத்தில் பெயிண்டை நம்பாமல் ஒரு ரப்பர் பட்டையைப் பதிப்போம். அந்த வேலை இன்னும் பாக்கி. சுக்கான் பக்கத்துப் பாகத்தை அடுத்த உலர்ந்த பருவத்தில் லேசாகத் தேய்த்து மறுபடி தூவ வேண்டும். அதற்கான டின்னும் ஹார்டனரும் நிழலில் இருக்கின்றன, மேலே கலவை விகிதமும் அடித்த தேதியும் மகள் கையெழுத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன.